பதினைந்து டிகிரி பணிவு

களைத்துப்போன இதயத்துக்கு ஒத்தாசையாக ரத்தத்தைத் தள்ளிவிடும் கட்டைவிரல் அளவுப் பம்பை முதன்முதலில் செய்தவர் இசோபே சிகாகே என்ற பெண் பொறியாளர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. நல்ல கருவி செய்தால் போதும், நோயாளி பிழைத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

இதயத் துணைக்கருவிகள் பரிசீலனைக் குழுமத்தின் தலைவர் தோகாஷி அவரை அழைத்தார்.

"இசோபே-சான், பம்பு பிரமாதம். ஆட்டுக்கு வச்சீங்களே, அது எப்படி இருக்கு?"

"வேலி தாண்டிக் குதிக்குதுங்க."

"ரொம்ப சந்தோஷம். ஆனா விண்ணப்பத்துல கையெழுத்துக்குப் பதிலா வச்ச ஒங்க முத்திரை ஏன் இப்படி வெறச்சுக்கிட்டு நிக்குது?"

"முத்திரை வேற எப்படிங்க நிக்கும்?"

"அதுக்கு இடப்பக்கம் பதினோரு பெரியவங்க முத்திரை வரப்போகுது, கடைசில என்னோடது. எல்லாரையும் பார்த்து ஒங்களோடது கொஞ்சம் சாஞ்சு வணங்க வேணாமா? இதப் பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"பம்பு ஓடுதான்னு நெனைப்பாங்க."

கோப்பு திரும்பி வந்தது. மறுமுறை சாய்த்து வைத்தார். 'சாய்வு அதிகம், விண்ணப்பதாரர் உறங்குவது போன்ற தோற்றம்' என்று குறிப்பெழுதித் திருப்பினார்கள். இப்படியே நான்கு ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே தெருக்கோடியில் டோஃபு எனும் சோயாக்கட்டி விற்கும் கடைக்காரர் ஒகிதா, பம்பு பொருத்திக்கொள்ள முதல் ஆளாகச் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தார்.

"தண்ணித் தொட்டிக்குள்ள குனிஞ்சு டோஃபு எடுக்க முடியல, இசோபே-சான். குனிஞ்சாலே மூச்சு முட்டுது. மெஷின் எப்ப வரும்?"

"என் முத்திரை ஒழுங்கா சாஞ்சதும் வந்துரும்."

"சரி, அது சாயட்டும். நான் நிமிந்தே காத்திருக்கேன்."

அவர் சிரித்தார். இசோபேயால் சிரிக்க முடியவில்லை. வந்த கோபத்தில் இரண்டே வாரத்தில் ஒரு கருவி செய்தார். எந்த முத்திரையைச் செருகினாலும் பிசகாமல் இடப்பக்கம் பதினைந்து டிகிரி சாய்த்து வைக்கும். 'பணிவுக் குறைபாடு உள்ளோருக்கான துணைக்கருவி' என்று நக்கலாகப் பெயரெழுதிக் குழுமத்துக்கு அனுப்பினார்.

ஒன்பதே நாளில் அங்கீகாரம் கிடைத்தது. எல்லா அலுவலகங்களும் வாங்கிக் குவித்தன. உயிரி மருத்துவப் பொறியியலின் முன்னோடி என்று அவருக்குப் பதக்கம் குத்தினார்கள்.

ஒரே ஒரு சிக்கல். கருவிக்கு ஆள் தராதரம் தெரியாது. தோகாஷியின் முத்திரையையும் சாய்த்துவிட்டது. அவருக்கு இடப்பக்கம் யாருமில்லை. குழுமத் தலைவர் வெற்றுக் காகிதத்தை வணங்குவது நிர்வாக மரபுக்கு முற்றிலும் முரணானது. கருவியைத் திருத்தலாம் என்று இசோபே சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட கருவியைத் திருத்தக் கூடாதாம். ஆகவே தலைவருக்கும் மேலே ஒரு பதவியை உண்டாக்கி அதில் இசோபேயையே உட்கார வைத்தார்கள்.

ஒகிதாவுக்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார். பம்புக் கோப்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை வைத்துவிடுவது என்று முடிவும் செய்திருந்தார். ஆனால் அது வந்து சேர ஏழு மாதமானது. அதுவரை தினமும் நூறு கோப்புகள் அவரைப் பார்த்து வணங்கின. முதல் வாரம் கூசியது. மூன்றாம் மாதம் பழகிவிட்டது. ஐந்தாம் மாதம், கருவி இல்லாமல் முத்திரையிடுவோர் நேரில் வந்து உடலால் வணங்கி அக்குறையை ஈடுசெய்ய வேண்டும் என்று அவரே ஒரு விதி எழுதினார்.

கடைசியில் பம்புக் கோப்பு வந்தது. வரிசையாக எல்லா முத்திரைகளும் அழகாகச் சாய்ந்திருந்தன. மனம் குளிர்ந்து பக்கத்தைப் புரட்டினார். நோயாளியின் சம்மதக் கடிதம். அதில் ஒரு பழைய மர முத்திரை விறைப்பாக நின்றது. இசோபேயின் முகம் சுருங்கியது. தொலைபேசியை எடுத்தார்.

"ஒகிதா-சான், எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். ஒங்க முத்திரை மட்டும் நட்டமா நிக்குது. எனக்காகச் சொல்லல, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நேர்ல வந்து நல்லா குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சிட்டுப் போயிடுங்க."

மறுமுனையில் ஒகிதா இரைத்தபடி கேட்டார்.

"அம்மா, குனிஞ்சா மூச்சு முட்டுதுன்னுதானே அந்த மெஷினக் கேட்டேன்?"