பட்டத்தைப் பிடிக்கப் போனவன் மச்சானுக்கு எழுதுவது

மரியாதைக்குரிய மச்சான் எவரிஸ்தோ அவர்களுக்கு,

அல்தாக்ராசியா மாதா கிருபையில் நானும் உங்கள் தங்கை யோக்காஸ்தாவும் சௌக்கியம். பத்திரிகையில் நீங்கள் நடத்தும் விளையாட்டுப் பக்கமும் சௌக்கியம்தான். என் மானத்தைத் தின்று நன்றாகக் கொழுத்திருக்கிறது.

"சென்டர் ஃபீல்டில் ரதமேஸுக்குக் கண் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சீசனுக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை கிளப்பில் முடிவு செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். மச்சான், மீசை முளைக்குமுன் பேஸ்பால் ஆட அமெரிக்கா போனவன் நான். சின்ன ஊர் அணிகளோடு பஸ்ஸிலேயே பாதி இளமையைக் கழித்து, பெரிய அணிக்கு ஒரு கோடை ஆடி, திரும்பி வந்து நம் ஊர் மைதானத்தில் வேர்விட்டவன். பந்தைக் கண்ணால் பார்த்து ஓடுகிறவன் கத்துக்குட்டி. மட்டையில் படும் சத்தத்திலேயே அது விழும் இடம் எனக்குத் தெரியும்.

சென்ற ஞாயிறு நடந்ததை முழுதாக எழுதினீர்களா? உயரே வந்த பந்துக்கு "என்னுது!" என்று கத்தினேன். சென்டர் ஃபீல்டர் கத்திவிட்டால் மற்றவன் ஒதுங்கியாக வேண்டும்; லெஃப்ட் ஃபீல்டில் நிற்கும் புதுப்பயல் ஹான்செல் ஒதுங்கினான். நானும் கையுறையை விரித்துக்கொண்டு கச்சிதமாகப் பட்டத்துக்குக் கீழே போய் நின்றேன். ஆமாம், பட்டம்தான். ஜனவரிக் காற்றில் மைதானத்துக்கு மேல் வெள்ளைப் பட்டம் விடச் சொன்னது நானா? பந்து எனக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது.

"அண்ணே, அதுல வால் தொங்குதே!" என்றான் ஹான்செல்.

"வாயை மூடிட்டுப் பந்தை எடுடா!" என்றேன்.

என் கண்ணுக்குச் சாட்சி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுரைக்கு மேலே நீங்களே போட்ட படத்தைப் பாருங்கள்! சுவரில் ஏறி, தொப்பி பறக்க, பந்தைப் பறிக்கிறேன். எந்த ஆட்டம் என்று நினைவில்லை. நான் பிடித்தது ஒன்றா இரண்டா? கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை முதலாளி மேசையில் போடுவேன். படத்துக்குக் கீழே பொடியெழுத்தில் ஏதோ இருக்கிறது, பாராட்டாகத்தான் இருக்கும். ஆகவே உடனே மறுப்பு வெளியிடவும், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

வீட்டில் எல்லோருக்கும் மாதாவின் ஆசி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பார்வை மங்காத உங்கள் மாப்பிள்ளை,
ரதமேஸ்

பி.கு.: பிழை பார்க்க யோக்காஸ்தாவிடம் கொடுத்தேன். "படத்துல இருக்கறது ஹான்செல்ங்க. கீழ பேரே போட்டிருக்கு" என்கிறாள். "ஒட்டும்போதே சொல்லக் கூடாதாடி?" என்றேன். "அப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன். சொல்ல மனசு வரல" என்றாள். ஃப்ரிட்ஜில் மூக்கு இடிக்க நின்று பார்த்தேன். அவன்தான். நல்ல கேட்ச், மச்சான். சென்டரை அவனுக்குக் கொடுங்கள் என்று திங்கட்கிழமை நானே சொல்லிவிடுகிறேன். நாளை என் கடைசி ஆட்டம். முதல் பந்து உயரே வந்ததும் "உன்னுது!" என்று கத்தப்போகிறேன். மறுப்பெல்லாம் வேண்டாம். குரல் போகவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.