குழாய் பிடித்தவன் நான்தான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான் அதை விடவில்லை. அதுதான் என்னை விட்டது. இதை ஊரில் பலர் மாற்றிச் சொல்லுவார்கள்.) அதற்குப் பிறகு இந்த இரண்டு கையாலும் நான் கட்டியவற்றைக் கொஞ்சம் சொல்லுகிறேன்.

சீமெந்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், சுண்ணாம்பில் பனங்கட்டித் தண்ணீர் ஊற்றிக் குழைத்து இணுவிலில் வீடு கட்டினேன். இன்றைக்கும் அந்தச் சுவரில் ஆணி அடிக்கிறவன் சுத்தியலை எறிந்துவிட்டுப் போகிறான். மானிப்பாயில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டினேன். அது விழுந்துவிடும் என்று எழுதிக் கொடுத்த இஞ்சினியர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார், தாங்கி நிற்கிறது. சீமெந்துக் கல் அரிந்து விற்கிற வாடி வைத்தேன், பிறகு வன்பொருள் கடை, பிறகு லொறி, பிறகு கல்யாண மண்டபம். 'உவனுக்கோ என்ரை பெட்டையைக் குடுக்கிறது' என்று கேட்ட என் மாமனாருடைய வீட்டுக்கு மேல்மாடி கட்டியதும் நான்தான்.

இவை எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டிய கல் பதிந்திருக்கிறது. நான் கட்டியதில் கல் பதியாமல் நிற்பது ஒன்றே ஒன்று. அது ஒரு சொல்.

போன மாதம் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று எங்கள் சனசமூக நிலையத்துக்கு (ஊர் வாசிகசாலையும் அதுதான்) வந்தது. ஒருவரும் நம்பாத விசித்திரங்களை நம்புகிறவர்களை ஊரில் என்ன சொல்லிப் பகிடி பண்ணுவீர்கள், அந்தச் சொற்கள் எங்கேயிருந்து வந்தன என்று விசாரித்தது. அங்கே இருந்தவர்கள் 'விசரன்' என்றார்கள், 'மறை கழண்டவன்' என்றார்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து 'குழாய் பிடிக்கிறவன்' என்றார்கள். அது எப்படி வந்தது என்று பிள்ளை கேட்டது. ஒருவர், புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர்களிடம் இருந்து வந்தது என்றார். இன்னொருவர் ஏதோ படத்தில் வருகிற வசனம் என்றார். பிள்ளை இரண்டையும் எழுதிக்கொண்டு போய்விட்டது.

நான் அதே மேசையில் பேப்பர் விரித்தபடி இருந்தேன். ஒருவரும் என் பக்கம் கையைக் காட்டவில்லை. (மரியாதைக்காம்.)

ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கிற என் மகன் எனக்கொரு கைத்தொலைபேசி அனுப்பியிருந்தான். அதில் ஒரு நாள் ஒரு தாடிக்காரர் வந்தார். பூமி உருண்டை என்பது பொய், அது தட்டை என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் வளைந்து நின்றதை எந்த மேசனாவது கண்டிருக்கிறாரா?"

என்னுடைய வாழ்நாளில் படித்த மனிதர் ஒருவர் மேசனிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் மேசன்மாரின் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீளமான குழாய் அது. அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை இந்தச் சுவரிலும் மற்ற நுனியை அந்தச் சுவரிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த இடத்தில் கோடு கீறினால் அதுதான் மட்டம். குழாய் பொய் சொல்லாது. ஒரேயொரு நிபந்தனை, உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. குமிழி நின்றால் குழாயைப் போலப் பொய்யன் உலகத்தில் இல்லை. என்னிடம் வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் பாடம் அதுதான். குமிழி பார்க்காமல் மட்டம் எடுத்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

யாழ்ப்பாணம் முழுவதும் நான் குழாய் பிடித்தவன். எங்கேயும் தண்ணீர் வளையவில்லை. போதாததற்கு, நாங்கள் கண்ட மலை கீரிமலை ஒன்றுதான், அங்கேயும் மலையில்லை, கேணிதான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பூமி உருண்டை என்று நம்புவதற்குத்தான் படிப்பு வேண்டும். தட்டை என்பதற்குக் கண் போதும்.

என் மனைவி பரமேஸ்வரியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ," என்றாள், "பூமி தட்டையோ உருண்டையோ, குசினிக் கதவு ஒரு வருஷமாப் பூட்டுப்படேல்லை. முதல் அதைப் பாருங்கோ."

அந்த நேரம்தான் சனசமூக நிலையத்துக்குத் தலைவர் தெரிவு வந்தது. அந்தக் கட்டடத்துக்குக் கல்லும் கொடுத்து, கூலியும் வாங்காமல் கட்டியவன் நான். தலைவர் கதிரையில் ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவன், வாசிகசாலைக்குத் தலைவன். நினைத்துப் பார்க்கவே நெஞ்சு விரிந்தது. போட்டிக்கு நின்றவர் தில்லைநாதன் மாஸ்ரர், பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். (அதுதான் கரைச்சல். கெட்ட மனிதர் என்றால் இலகுவாக வென்றிருக்கலாம்.)

தெரிவுக்கு முந்திய கூட்டத்துக்கு மாஸ்ரர், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஒரு பூமி உருண்டை கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் எழும்பினேன்.

"மாஸ்ரர், நான் கட்டின சுவருக்குள்ளை பொய்ச் சாமான் வைக்க விடமாட்டன். தண்ணி வளையாது. கொழும்புத்துறைக் கடலிலை குழாய் பிடிச்சுக் காட்டுறன். வளைஞ்சு காட்டினால் நான் போட்டியிலை இருந்து விலகிறன். நேராக் காட்டினால் நீங்கள் விலகோணும்."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணை, அது எப்பிடியும் நேராத்தான் காட்டும். கடலும் பூமியோடை சேர்ந்து வளையுது, குழாய்த் தண்ணியும் சேர்ந்து வளையுது. ரெண்டும் ஒண்டா வளைஞ்சால் குழாயிலை என்னெண்டு தெரியும்?"

"தெரியாது எண்டால் பிறகேன் பயப்பிடுறியள்?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. சனம் சிரித்தது. மாஸ்ரர் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார்.

நன்றாகக் கவனியுங்கள். பூமி எந்த வடிவமாக இருந்தாலும் நான் தோற்கவே முடியாத பரீட்சை அது. மாஸ்ரரே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, என் லொறியில் ஊரே கொழும்புத்துறைக்கு வந்தது. பரவைக் கடல் காற்றில்லாமல் கிடந்தது, தூரம் வரைக்கும் முழங்கால் அளவு தண்ணீர்தான். வலைக்குக் கம்பு நடுகிற சின்னராசா எனக்காக இரண்டு கம்பு நட்டிருந்தான், ஒன்று கரையோரம், மற்றது நல்ல தூரத்தில். இரண்டிலும் கடல் தண்ணீரில் இருந்து ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு போட்டேன். குழாய்த் தண்ணீர் இரண்டு கோட்டிலும் நின்றால் கடல் நேர், பூமி தட்டை. தூரத்துக் கம்பில் கோட்டுக்குக் கீழே போனால் பூமி அங்கே சரிகிறது, உருண்டை. இதுதான் பேச்சு.

என் கடையிலிருந்த குழாய்ச் சுருள்களை எல்லாம் ஒன்றோடொன்று பூட்டி நீட்டினோம். தூரத்தில் நிற்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று, கோயில் தண்ணீர்ப்பந்தல் சர்பத்துக்கென்று பரமேஸ்வரி வைத்திருந்த சிவப்புச் சாயத்தைக் கேளாமல் எடுத்துக் கலந்தேன்.

"முதலாளி," என்றான் சின்னராசா, "பூமி தட்டை எண்டால் விளிம்பிலை ஆக்கள் விழமாட்டினமோ?"

"விளிம்புக்குக் கைபிடிச் சுவர் கட்டியிருக்கும். நான் கட்டின மாடியள் எதுக்காவது கட்டாமல் விட்டிருக்கிறனோ?"

"அப்ப அந்தக் கொந்தராத்து ஆருக்குக் கிடைச்சது?"

அதற்குள் ஒலிபெருக்கி என் கைக்கு வந்துவிட்டது. என் வேலையாட்கள் குழாய்க்குத் தண்ணீர் நிரப்பி முடிக்கிற வரைக்கும் நான் பேசினேன். சீமெந்துத் தட்டுப்பாட்டில் தொடங்கி மானிப்பாய்த் தாங்கி வரைக்கும் வந்தேன். என் தலைமேசன் குணம், என்னிலும் மூத்தவன், இரண்டு தரம் என் சேட்டைப் பிடித்து இழுத்தான். நான் கையைத் தட்டிவிட்டேன்.

பிறகு கரையோரக் கம்பில் நான் நுனியைப் பிடித்தேன். மாஸ்ரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்த் தூரத்துக் கம்பில் மற்ற நுனியைப் பிடித்தார். என் பக்கம் சிவப்புத் தண்ணீர் கோட்டில் வந்து நின்றது, அச்சு வைத்தது போல.

"மாஸ்ரர், சொல்லுங்கோ."

மாஸ்ரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"அண்ணை, இஞ்சை ஒரு சாண் கீழை நிக்குது."

குணம் என் காதுக்குள் வந்தான். "குழாயிலை காத்து நிக்குது முதலாளி. அதைத்தான் அப்பவே சொல்ல வந்தனான்."

"வாயை மூடு," என்றேன்.

சனம் கைதட்டத் தொடங்கியது. மாஸ்ரர் அங்கே நின்று கையை ஆட்டினார். "பொறுங்கோ, பொறுங்கோ. இது பிழை. இவ்வளவு தூரத்துக்கு ஒரு சாண் சரிஞ்சால் பூமி உந்தப் பக்கத்துச் சாவகச்சேரியோடை முடிஞ்சிடும். குழாயிலை ஏதோ கோளாறு." (தான் வென்றதைத் தானே பிழை என்று சொல்லுகிற மனிதரோடு எப்படிப் போட்டி போடுவது.)

கோளாறு என்ற அந்தச் சொல்லில் கைதட்டல் நின்றது. என் கையால் வீடு கட்டுவித்த சுப்பிரமணியம் முன்னுக்கு வந்தார்.

"நாகலிங்கம், குழாய் பிழையோ? உந்தக் குழாயாலைதானே என்ரை வீட்டுக்கும் மட்டம் பிடிச்சனீர்?"

நான் சனத்தைப் பார்த்தேன். நின்றவர்களில் பாதிப்பேர் என் சுவர்களுக்குள் படுத்தெழும்புகிறவர்கள். குமிழி என்று சொன்னால் பூமி தட்டையாகும், தலைவர் கதிரையும் கிடைக்கும், ஆனால் குமிழி பார்க்காத மேசன் என்ற பெயர் வரும். அந்தப் பெயரோடு நான் இனி எந்த அத்திவாரத்தில் இறங்குவது? ஒரு பக்கம் பூமி, மற்றப் பக்கம் என் தொழில்.

"குழாய் சரி," என்றேன் ஒலிபெருக்கியில். "நாகலிங்கத்தின்ரை குழாய் ஒரு நாளும் பிழைக்காது. பூமிதான் உருண்டை."

தூரத்திலிருந்து மாஸ்ரர் கத்தினார். "அண்ணை, பூமி உருண்டைதான். ஆனால் உங்கடை குழாய் பிழை."

"உருண்டை எண்டு ஒத்துக்கொண்டாச்சு. பிறகேன் குழாயிலை கை வைக்கிறியள்? நான் போட்டியிலை இருந்து விலகிறன். விஷயம் முடிஞ்சுது."

முடியவில்லை. அந்தக் கணத்தில் குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அன்னதானத்தில் மூன்றாம் பந்தியிலும் இருந்து எழும்பினவருடைய ஏப்பம். நின்ற காற்றெல்லாம் என் நுனியால் வெளியே வந்தது, கூடவே சிவப்புச் சாயமும். முகம், மீசை, தலைவராகும் நாளுக்கென்று தைத்த வெள்ளைச் சேட்டு, எல்லாம் சிவப்பு. குணம் ஓடிவந்து குறைந்த தண்ணீரை ஊற்றினான். ஊற்றாமல் விட்டிருக்கலாம்.

"அண்ணை," என்றார் மாஸ்ரர், உண்மை பேசியே பழகிப்போன மனிதர், "இப்ப கோட்டிலை வந்து நிக்குது. சரியா நிக்குது."

சின்னராசா என்னைப் பார்த்தான். "முதலாளி, பூமி திரும்பத் தட்டையாப் போட்டுது. நீங்கள் வெண்டிட்டியள்."

"நான் சபையிலை சொன்ன சொல்லு மாத்திறேல்லை," என்றேன், மீசையில் சர்பத் வடிய. "உருண்டைதான்."

திரும்பி வரும்போது லொறியின் பின்பெட்டியில் இரண்டு பேருக்கு ஏதோ வாக்குவாதம். ஒருவன், சந்திர கிரகணத்தன்று உலக்கை தானாக நிமிர்ந்து நிற்கும் என்றான். மற்றவன் சொன்னான், "சும்மா குழாய் பிடியாதை மச்சான்." பெட்டி குலுங்கச் சிரித்தார்கள். முன்னுக்கிருந்த நான் என் காதால் கேட்டேன். அந்தச் சொல் பிறந்த இடம் என் லொறி, ஓடியது என் டீசல்.

அடுத்த நாள் காலையில் இணுவில் முழுக்கப் பிள்ளைகளின் கண்ணாடிப் போளை உருட்டும் சத்தம் கேட்டதாம். அவரவர் வீட்டு நிலத்தில் போளையை வைத்து, உருளுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டிலும் உருளவில்லை. சுப்பிரமணியத்தார் மட்டும், தன் போளை அசைந்தது என்றார். போய்ப் பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்ரர் தலைவரானார். பூமி உருண்டை இன்றைக்கும் நான் கட்டிய சுவருக்குள்தான் இருக்கிறது. போகும்போது வரும்போது அதை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். (மனதுக்குள் நான் என்ன நினைக்கிறேன் என்பது என் சொந்த விஷயம்.)

சொல்லோ வளர்ந்துவிட்டது. மினிபஸ்ஸில் கேட்கிறேன், சந்தையில் கேட்கிறேன். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினால் கரண்ட் கட்டாகாது என்று நம்பினவர் குழாய் பிடிக்கிறவர். ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் விசா வரும் என்று நம்பினவள் குழாய் பிடிக்கிறவள். குசினிக் கதவை நாளைக்குத் திருத்துகிறேன் என்று நான் சொன்னால் பரமேஸ்வரி சொல்லுவாள், "அதை நம்ப நானென்ன குழாய் பிடிக்கிறவளோ?" கனடாவில் பிறந்த பேரன், தமிழில் சரியாகத் தன் பெயர் எழுதத் தெரியாதவன், தொலைபேசியில் கேட்கிறான்: "அப்பப்பா, இண்டைக்கும் குழாய் பிடிச்சியளோ?"

'மறை கழண்டவன்' எந்த மெக்கானிக்கின் கடையில் பிறந்தது என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அந்த மனிதர் தன் பெயரைப் போடச் சொல்லி வாய் திறந்து கேட்காமல் போய்விட்டார். நான் அப்படிப் போகிற ஆள் இல்லை.

பல்கலைக்கழகப் பிள்ளைக்கு இதனால் அறியத் தருவது: புகையிலைத் தோட்டத்தை வெட்டு. படத்தையும் வெட்டு. இந்தச் சொல்லைக் கட்டியவர் இணுவில் மேசன் நாகலிங்கம் என்று எழுது. மாஸ்ரரும் மற்ற நுனியைப் பிடித்தவர்தானே, அவருக்கும் பாதி உண்டு என்று இப்போது சிலர் கதைக்கிறார்கள். அதற்கு நான் சம்மதியேன். அவர் பிடித்தது வெறும் குழாய். நம்பிக்கை முழுவதும் என் நுனியில்தான் இருந்தது.

பெயர்க்கல்லை நானே வெட்டிக் கொண்டுவருகிறேன். ஒரு சொல்லில் கல்லை எந்த இடத்தில் பதிப்பது என்று மட்டும் படித்தவர்கள் காட்டட்டும். மட்டம் நான் பார்த்துக்கொள்ளுகிறேன்.