ஸ்டிக்கர் பிரிக்காத கூலிங் கிளாஸ்

ஒரு காட்டில், ஆமாம், வழக்கம்போல ஒரு காட்டில்தான், மரகதம் என்றொரு பெண்மான் இருந்தாள். சித்திரை வெயில் ஆற்றில் பட்டு அவளுக்குக் கண் கூசும். கண் கூசினால் தண்ணீருக்குள் கிடக்கும் முதலை தெரியாது. போன வாரம் தண்ணீர் குடிக்கப் போன அவளுடைய மாமியார் திரும்பி வரவில்லை. அதனால் மரகதமும் நாத்தனார் சௌந்தரமும் கூலிங் கிளாஸ் வாங்கக் கிளம்பினார்கள். உயிர்ப் பிரச்சினை, விளையாட்டில்லை.

கோதண்டம் என்கிற குரங்கு கடை வைத்திருந்தது. வாசலில் ஒரு பானைத் தண்ணீர், அதில் ஒரு மீன்.

"போட்டுப் பாருங்கம்மா. மீன் தெரிஞ்சா முதலையும் தெரியும்."

சௌந்தரம் ஒரு பழுப்புக் கண்ணாடியைப் போட்டாள். மீனின் செதில்கூடத் தெரிந்தது.

"அண்ணி, ரெண்டு பேருமே இதை வாங்கிடலாம்."

மரகதமும் போட்டாள். மீன் பளிச்சென்று தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்துத் தொலைத்தாள்.

"ஐயே, மூக்கு எவ்ளோ பெருசா இருக்கு! இதைப் போட்டுக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போக முடியுமா?"

"நாம ஆத்துக்குத்தானே அண்ணி போறோம்?"

"நீ சும்மா இரு."

கோதண்டம் உடனே தங்க விளிம்பு வைத்த ஒன்றை எடுத்து நீட்டியது.

"நீள முகத்துக்குன்னே செஞ்சது."

"இதுல முதலை தெரியுமா?"

"முதலை தெரியுதோ இல்லையோ, முதலைக்கு நீங்க நல்லா தெரிவீங்க!"

மரகதம் பூரித்துப்போனாள். போட்டால் கும்மிருட்டு, போதாததற்கு இடது கண்ணை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு ஒரு ஸ்டிக்கர் வேறு இருந்தது. பிரிக்கப் போன சௌந்தரத்தைத் தட்டிவிட்டாள். "பிரிச்சா ஒரிஜினல்னு யாருக்குடி தெரியும்?" சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தானே கிடக்கிறது?

மறுநாள் ஆற்றங்கரை. "ஐயையோ அண்ணி! ஆறு முழுக்க முதலை!" என்று அலறிக்கொண்டு சௌந்தரம் ஓடிவிட்டாள். மரகதத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நிதானமாகக் குனிந்து குடித்தாள். எதிரே ஒரு முதலை வாயைப் பிளந்தபடி எழுந்தது. ஸ்டிக்கரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

"ஒரிஜினலா? எங்கம்மா வாங்கினே? வெயில்ல எனக்கும் கண்ணுல தண்ணி கொட்டுது. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்."

"கோதண்டம் கடைதான் அண்ணே. என் பேரைச் சொல்லுங்க, பார்த்துக் கொடுப்பாரு."

ஒரே வாரத்தில் ஆற்று முதலைகள் எல்லாவற்றுக்கும் தங்க விளிம்பு. ஸ்டிக்கரை ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அதன்பிறகு அவை கவ்வியதெல்லாம் மரக்கட்டைதான். மரகதம் அவற்றின் நடுவிலேயே நின்று குடித்தாள். அவளுக்கு அவை தெரியவில்லை, அவற்றுக்கு அவள் தெரியவில்லை. நல்ல சிநேகம்.

சௌந்தரம் மட்டும் தினமும் கரை வரை வருவாள். ஒவ்வொரு முதலையின் ஒவ்வொரு பல்லும் தெரியும். நடுங்கிப்போய்த் திரும்பிவிடுவாள்.

"பயமா இருக்கு அண்ணி, எல்லாமே தெரியுதே!" என்று அழுதாள்.

"அந்தக் கருமத்தைக் கழட்டிட்டு வாயேண்டி!"

அவள் கழற்றவில்லை. தாகத்தில் செத்துப்போனாள்.

துக்கத்துக்கு முதலைகள் எல்லாம் கூலிங் கிளாஸோடு வந்திருந்தன. மரகதம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்: "அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேனே, மட்டமான கண்ணாடி வாங்காதேன்னு!"

நீதி: கூலிங் கிளாஸ் வாங்கும்போது நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். தெரிந்துவிட்டால் அப்புறம் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.