தூசியில்லா அறைக்கு ஒரு கம்பளம்

உலக வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துவிடலாம்: எங்கள் நானோ அறிவியல் மையம் 'மக்களைச் சந்தித்த' நாளுக்கு முன், பின்.

அதுவரை நாங்கள் ஆராய்ச்சி என்ற வெட்டி வேலையில் மூழ்கிக் கிடந்தோம். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய படலம் ஒன்றை நான் கண்ணாடித் துண்டின்மேல் வளர்த்திருந்தேன். மின்னணு நுண்ணோக்கியில் அதைப் படமெடுத்துவிட்டால் முனைவர் பட்டம். இல்லாவிட்டால் பெட்டி படுக்கையோடு வீடு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் அம்மாவின் தையல் மெஷின் எனக்காகக் காத்திருந்தது.

நுண்ணோக்கி இருப்பது தூசியில்லா அறையில். தலைக்கு உறை, காலுக்கு உறை போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழையலாம். பென்சிலுக்குக்கூட அனுமதி இல்லை.

மக்களைச் சந்திக்கும் விழாவுக்கு வரும் தலைமை விருந்தினர் வெறுந்தரையில் நடப்பதா? இயக்குநர் கூட்டிய அவசரக் கூட்டம் நெடுநேரம் கலங்கியது. கடைசியில் சிவப்புக் கம்பளம் விரிப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது. கம்பளம் நார் உதிர்க்குமே என்றேன்.

"ஏம்மா, எல்லாத்துக்கும் குறுக்க நிக்கிற? அது புதுக் கம்பளம்மா" என்றார் இயக்குநர்.

ஆனாலும் என் கவலையை மதித்து, கம்பளத்தை நன்றாகத் தட்டச் சொன்னார். வெளியே தட்டினால் தூசி படிந்துவிடும் அல்லவா? எனவே தூசியில்லா அறைக்குள் வைத்தே தட்டினார்கள்.

விழா நாளன்று மக்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே முண்டியடித்தார்கள். காலுக்கு உறை போட்டால் போட்டோவில் எடுப்பாக இருக்காது என்று விருந்தினர் செருப்போடு நுழைந்தார். நுண்ணோக்கியின் திரையில் என் படலம் தெரியவில்லை. வடக்கயிறு போல் முறுக்கிக்கொண்டு ஒரு நார் கிடந்தது.

"இதுதான் நானோவா?" என்றார் விருந்தினர்.

"ஆமாங்க ஐயா" என்றார் இயக்குநர்.

"நல்லா பெருசாவே இருக்கே."

"எல்லாம் உங்க ஆதரவுதாங்க."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கூட்டத்தில் நின்ற அம்மா என் கையைச் சுரண்டினாள்.

"இதுல நீ பண்ணது எதுடி?"

"அந்த நாருக்கு அடியில இருக்கும்மா."

"எடுத்துப் போட்டுட வேண்டியதுதானே?"

நியாயமாகப் பட்டது. உள்ளே போய் நுண்ணோக்கிமேல் கை வைத்தேன். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "தொடாத. ஐயா செல்ஃபி எடுத்துக்கிட்டிருக்காரு."

மக்களிடம் அறிவியலைக் கொண்டுசென்றதற்காக இயக்குநருக்கு விருது கிடைத்தது. நாரின் படம் சட்டமிடப்பட்டு நுழைவாயிலில் ஏறியது. அதே படத்தைப் பார்த்த ஆய்வுக்குழு, 'நார் தெளிவு, படலம் எங்கே?' என்று கேட்டு என் ஆய்வை ரத்து செய்தது.

விடைபெறப் போனபோது இயக்குநர் உண்மையாகவே வருந்தினார். "மனசு விட்றாதம்மா. போறதுக்கு முன்னாடி அந்தப் படலம் இன்னொண்ணு வளத்துக் குடுத்துட்டுப் போ. அடுத்த வருஷமும் நார் விழ ஒரு இடம் வேணும்ல?"

அறிவியலை அவர் மக்களிடம் கொண்டுசேர்த்துவிட்டார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அது இப்போது எங்கள் தெருவில், அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மக்களின் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறது.