யோர்தான் தண்ணீர் குடித்த வேன்

என்னைப்போல் எழுத்து தெரியாதவனிடம் குடும்பத்தையே நம்பி ஒப்படைக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டிய தண்ணீர்க் கேனை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. ஏன் என்று எங்கள் ஊர் நெமிலிச்சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.)

எங்கள் பக்கத்து சர்ச் ஆயர் லண்டன், கென்யா, எருசலேம் என்று பாதி உலகம் சுற்றியவர். ஊரில் இருந்தாலும் ஏரி சுத்தம், ரத்ததானம், தெருவிளக்கு என்று எதிலாவது முன்னால் நிற்பார். அன்று எருசலேமிலிருந்து திரும்பியவரை என் வேனில் ஏற்றி வந்தேன். சர்ச்சில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். நேரமில்லை என்று ஏர்போர்ட்டிலேயே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டார்.

திருமழிசைப் பக்கம் டிராபிக் ஜாம். ஐயா சும்மா உட்காருவாரா? அங்கியோடு இறங்கி, நடுரோட்டில் நின்று லாரிகளுக்குக் கை காட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் வேன் புகை விட்டது. ரேடியேட்டர் காலி. பின்னால் ஐயாவின் பைகளுக்கு நடுவே ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கேன் தண்ணீர்; அதில் என்ன எழுதியிருந்ததோ, எனக்கு எங்கே தெரியும். வண்டியை ஆறவிட்டு, மொத்தத்தையும் ஊற்றினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். (வேறு யாரும் மெச்சுவதில்லை.)

சர்ச் வாசலில் குழந்தையின் அப்பா ஓடி வந்தார். ஆவடி ஃபேக்டரிக்காரர், திருநெல்வேலிப் பக்கம்.

"ஐயா, யோர்தான் தண்ணி வந்துட்டா?"

"கேன்ல கீதுப்பா" என்று ஐயா தூக்கினார். கேன் காற்றுபோல் வந்தது. என்னைப் பார்த்தார். "இன்னாப்பா ஆச்சு?"

"வண்டிக்குத் தாகம் ஃபாதரே... ஊத்திட்டேன்."

"ஏசுவே ஞானஸ்நானம் வாங்குன ஆத்துத் தண்ணி வே! அதுக்காவத்தானே ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டேன்!" அப்பா அலறினார். "டெல்லிக்கு மாத்திட்டாவ, இன்னைக்கு சாயங்காலம் ரயிலு. இனி எப்போ லீவு கெடைக்குமோ! ரேடியேட்டர்ல இருந்து எறக்கும்!"

இறக்கினேன். கிண்ணத்தில் விழுந்தது டிகாஷன் கலரில் இருந்தது.

"இதா யோர்தான்?" என்றார் குழந்தையின் அம்மா.

ஐயா குனிந்து உற்றுப் பார்த்தார். "பொய் சொல்லக் கூடாதும்மா. நான் பாத்தப்பவும் ஆறு கிட்டத்தட்ட இந்த கலர்லதான் ஓடிச்சு."

"அப்போ ஒரே ஒரு சொட்டு ஐயா..." அப்பா கெஞ்சினார்.

"எம்புள்ள தலையில ஆயிலா? ஐயா, கொழாயத் தொறங்க!" என்றார் அம்மா.

ஐயா மறுபேச்சில்லாமல் குழாயைத் திறந்தார். பஞ்சாயத்துத் தண்ணீரில் ஞானஸ்நானம் ஜோராக நடந்தது. குழந்தை சிரித்தது. கிண்ணத்துத் தண்ணீரைக் கீழே கொட்ட மட்டும் அப்பா விடவில்லை. "புண்ணியத் தண்ணி வே!" திரும்பவும் என் ரேடியேட்டரிலேயே ஊற்றச் சொன்னார். அதே வேனில்தான் ரயிலைப் பிடிக்கப் போனார்.  இறங்கும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டியை மட்டும் தொட்டுக் கும்பிட்டார்.

இப்போதும் வேன் எங்காவது நின்றால் என் பெண்டாட்டி இறங்கித் தள்ளுவதில்லை. சீட்டில் சாய்ந்துகொண்டு சொல்வாள்:

"அது ரட்சிக்கப்பட்ட வண்டிய்யா, தானா கெளம்பும். ஓட்றவன்தான் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்ல கீறான்."