உஷ் நானா மீட்டுத் தந்த வெற்றி

இந்த நாட்டில் ஒரு விரலைத் தூக்கி ஒரு தெருவையே நிறுத்தக்கூடியவர்கள் இரண்டு வகை. ஒன்று போக்குவரத்துப் பொலிஸ். மற்றது கண்டிக்குப் பக்கத்துத் திகனை ஊர் உஷ் நானா. பொலிஸுக்கு நிற்காத பஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானாவின் விரலுக்கு நிற்காத எதையும் பார்த்ததில்லை, எதிர்க் கடைக் கொத்து ரொட்டிச் சத்தம் உட்பட.

உம்மா வாப்பா வைத்த பெயர் அவருக்கே நினைவிருக்குமா தெரியாது. ஒரு காலத்தில் கலியாண வீடியோ எடுத்தவர். இப்போது கெட்டுப்போன ஒலியைத் திருத்துவது மட்டும்தான் வேலை. ஹெட்போன் போடமாட்டார். காதை மூடினால் சத்தம் பொய் சொல்லும் என்பது அவருடைய கொள்கை. கூட்டங்களுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கரில்தான் போட்டுக் கேட்பார். அதற்குத் தெரு அமைதியாக இருக்க வேண்டும். வாசலில் வந்து நின்று, விரலைத் தூக்கி, "உஷ்" என்பார். தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுப்பார். ஜூஸ் கடை மெஷின் நிற்கும். கொத்துக்காரரின் இரண்டு தகடுகளும் அந்தரத்தில் நிற்கும். இருமல் வந்தவர் பஸ் நிலையம் வரை போய் இருமிவிட்டு வருவார். ஏனென்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஏதோ ஒரு குரலை அவர் மீட்டுக் கொடுத்திருந்தார்.

நான் அங்கே போய் மாட்டிய கதை இது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் என்னோடு பிறந்து வளர்ந்த தம்பி இப்போது கட்டாரில் இருக்கிறான். பிறந்ததிலிருந்து அவன் எதிலும் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. கேரம் காய் அவன் கண்ணெதிரே குழியில் விழுந்தாலும், பலகை சாய்ந்திருக்கிறது என்பான். சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் இருவரும் லெப்டொப்பில் கார் ரேஸ் கேம் விளையாடுவோம். அவன் அங்கே, நான் இங்கே. வாரம் முழுதும் கந்தோரில் தோற்றுவிட்டு வந்து, சனிக்கிழமை தம்பியிடம் தோற்பது. இரண்டு வருடம் இப்படியே போனது. ஒவ்வொரு ரேஸையும், நாங்கள் பேசுவதையும் சேர்த்துப் பதிவு செய்து வைப்பேன். என்றாவது ஒருநாள் உதவும் என்ற நம்பிக்கைதான்.

அந்த ஒருநாள் வந்தது. நான் ஜெயித்தேன். அதைவிடப் பெரிய விஷயம், அவனே தன் வாயால், நீங்க ஜெயிச்சிட்டீங்கண்ணே என்றான். நான் உடனே குடும்பக் குழுவில் அறிவித்துவிட்டேன்: டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குத் தம்பி வருகிறான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீவியில் அவன் வாக்குமூலம் காட்டப்படும். தம்பி ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான்.

பிறகுதான் பதிவைத் திறந்து பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி. சத்தமோ, எருமை ஒன்று கிணற்றுக்குள் நின்று வாய் கொப்பளிக்கிற மாதிரி. இடையிடையே கடுகு வெடித்தது.

லெப்டொப்பை அணைத்துப் போட்டேன். மாறவில்லை. வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த மீனைப் பற்றி மனைவி மேரி ஏதோ சொன்னாள். தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். இது தொலைந்த கணக்கா, பழுதான கணக்கா என்று எனக்கே சந்தேகம் வந்ததால், இரண்டாக நேர்ந்தேன். கண்டியில் ஒரு கடையில் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடச் சொன்னார்கள். இன்னொரு கடையில் இன்னொரு தரம் ஜெயித்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் கந்தோர் நண்பர் ஒருவர் உஷ் நானாவைச் சொன்னார். பென் ட்ரைவைச் சட்டைப் பையில் வைத்து, இதய நோயாளி மாதிரி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு திகனை பஸ்ஸில் போனேன்.

நானா கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"தம்பி, சத்தம் மௌத்தாகல்ல, உசுரோடதான் ஈக்கி," என்றார். "வேகம்தான் பிழைச்சீக்கி."

பதிவான வேகம் ஒன்று, லெப்டொப் ஓட்டுகிற வேகம் ஒன்று. கடுகு வெடிப்பது வெறும் அழுக்கு, தட்டிவிடலாம். ஆனால் சரியான வேகம் எது என்று பிடிக்க, அதற்குள் ஏதாவது தெரிந்த சத்தம் வேண்டும். என் குரலை வைத்துப் பிடிக்க முடியாதா என்று கேட்டேன்.

"ஒங்கட கொரல நம்பேலா. இப்பவும் நடுங்கிட்டுத்தான் ஈக்கி."

மறுபடியும் கேட்டார். கொப்பளிப்புக்குப் பின்னால் ஏதோ முனகியது. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது சூன் பாண் ஆட்டோ. பாண், அதாவது பேக்கரி ரொட்டி விற்றுக்கொண்டு, எந்த ஊரிலும் அதே ஒரு பாட்டைப் போட்டுத் தெருத் தெருவாக வருமே, அதுதான். சரியாகக் கடைசிச் சுற்றில் எங்கள் கேற்றுக்கு முன்னால் வந்து நின்று பாடியது. அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை ஏசினேன் என்று நானாவிடம் சொன்னேன்.

நானா முதல் தடவையாகச் சிரித்தார். "ஏசினீங்களா? அதுதான் ஒங்கள காப்பாத்தப் போகுது."

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாட்டைப் போனில் எடுத்திருப்பார்கள். நானா ஆட்டோவே வரட்டும் என்றார். திகனைத் தெருவுக்கு அது நாலு மணிக்கு வரும். அப்போது இரண்டு மணி. பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தரம் ப்ளேன்டீ வந்தது. போனில் எடுத்தால் என்ன என்று ஒருதரம் கேட்டும் பார்த்தேன். பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டச் சொன்னவனைப் போல என்னைப் பார்த்தார்.

ஆட்டோ வந்தது. நானா அதைக் கடைக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் விடச் சொன்னார். விரலைத் தூக்கினார். தெரு நின்றது. பாண் வாங்க வந்தவர்கள் பாணும் கையுமாக நின்றார்கள். ஒரு பக்கம் ஆட்டோவின் பாட்டு, மறு பக்கம் ஸ்பீக்கரில் என் பதிவின் முனகல். நானா வேகத்தை மயிரிழை மயிரிழையாகக் கூட்டினார். கிணற்றுக்குள் கிடந்த முனகல் எழுந்தது, நிமிர்ந்தது, நடந்து வந்து ஆட்டோவின் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. நானா ஆட்டோவின் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

அந்தப் பரிபூரண அமைதியில், கூட்டத்துக்குக் கட்டுகிற ஸ்பீக்கரில், திகனைத் தெரு முழுக்க என் குரல் கேட்டது.

"அந்தோனியாரே! பிரேக் எது? மேரி, பிரேக் எந்தப் பட்டன்?"

"எனக்கென்னங்க தெரியும்? அடுப்புல சோறு கொதிக்குது."

"யோவ் பாண்காரரே, போயிருங்க, உங்க காலுல விழுறேன்."

பாண் ஆட்டோக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்தது தம்பி.

"சரி, சரி. நீங்க ஜெயிச்சிட்டீங்கண்ணே, அப்படியே வச்சுக்குவோம். அதுக்கு ஏன் அழுறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. நானாவின் விரல் இன்னும் மேலேயே இருந்தது. அவர் விரலை இறக்கினார். தெரு சிரித்தது.

இவ்வளவு நாளும் நான் நினைவில் வைத்திருந்தது அந்த வாக்கியத்தின் எனக்குப் பிடித்த பகுதியை மட்டும்தான் போலிருக்கிறது. முன்னும் பின்னும் வெட்டித் தரச் சொல்லி நானாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, நான் பழுதானதத் திருத்துவன். நல்லா ஈக்கிறதப் பழுதாக்க ஏலா."

திரும்பி வரும் பஸ்ஸில், களைத்த மூளைக்கு ஒரு வழி தோன்றியது. ஒலி திருந்தவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். பென் ட்ரைவை அலுமாரிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

நத்தார் சாப்பாடு முடிந்தது. தம்பி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு வீடியோ எங்கே என்றான். சத்தம் பழுதாகிவிட்டது என்றேன். திருத்தக் கொடுக்கவில்லையா என்றான். திகனையில் ஒருவரிடம் கொடுத்தேன் என்றேன்.

"அப்ப அந்தாளால முடியலையாக்கும்," என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமா என்று சொன்னால் போதும், மானம் பிழைத்துவிடும். வாயையும் திறந்தேன். அந்தத் தூக்கிய விரலும், பாணும் கையுமாக நின்ற சனமும், இரண்டு மணி நேரமும் கண்ணுக்குள் வந்து நின்றன. எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன்.

இப்போது தம்பி லீவில் வரும்போதெல்லாம், நான் அழுகிற இடத்தைப் போடச் சொல்லிக் கேட்கிறான். நானும் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் மட்டும், எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வருகிறேன்.