இழுவை மாஸ்டரின் கல்யாணக் கச்சேரி

கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிவிட்டு, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரக்கூடிய இசைக் கலைஞர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் காரைக்குடியில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருந்தார். நிஜப் பெயர் கடைப் பலகையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் இழுவை மாஸ்டர்.

தொண்ணூறுகளின் நடுவில் மாஸ்டரின் சிங்கப்பூர் மச்சான் ஒரு சிந்தசைசரும் கூடவே ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தார். கேசட்டில் வெள்ளைக்காரர்கள் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் ஒரு சங்கீதம். தாளம் இல்லை, அவசரம் இல்லை, எல்லாம் எதிரொலி. மாஸ்டர் அதில் விழுந்தவர் எழவே இல்லை. பழைய டேப்ரிக்கார்டரைப் பிரித்து எதிரொலிப் பெட்டி ஒன்றும் செய்துகொண்டார். வந்த மிக்சிகள் அப்படியே கிடந்தன. அந்த வருஷம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அம்மியில்தான் சட்னி.

நான் அவருடைய பாடகன். பாட்டு தங்கு தடையில்லாமல் வரும், பேச்சுதான் திக்கும். ஆசிரியர் பயிற்சி முடித்து இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய், என் பெயரையே சொல்ல முடியாமல் திரும்பியிருந்தேன். மூன்றாவது, அடுத்த வாரம் அமராவதிபுதூரில். அதுவும் போனால் கடைசிவரை மாஸ்டர் கடையில் திருப்புளி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அப்போது நெற்குப்பையில் ஒரு கல்யாணக் கச்சேரி வந்தது. சிங்கப்பூர் கீபோர்டு என்றதும் குத்துப்பாட்டு தூள் பறக்கும் என்று நம்பி வெற்றிலை பாக்கு வைத்துவிட்டார்கள், பாவம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தூண் வைத்த நடுமுற்றம், வளவு நிறைய சனம். மாஸ்டர் ஒரு கட்டையை அமுக்கினார். மூன்றாவது நிமிஷம் மாப்பிள்ளையின் அப்பச்சி தூணில் சாய்ந்தார். ஐந்தாவது நிமிஷம் பாயாசம் கொண்டுவந்தவர் வாளியோடு உட்கார்ந்து கண்ணசந்தார். பெண்ணின் தாயாரான ஆச்சி மட்டும் எழுந்து வந்து, "தம்பி, பெட்டி ரிப்பேராப் போச்சா?" என்று கவலையோடு விசாரித்தார். மாஸ்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

மணமக்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவது எப்போதும் மாஸ்டர் வேலை. அன்றைக்கு மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"மணமகள் மீ..."

அதற்கு மேல் வரவில்லை. மீ, மீ என்று நிற்கிறேன். உறங்கியவர்கள் கண் விழித்துப் பார்க்கிறார்கள். மாஸ்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரொலிக் குமிழைத் திருகினார். என் 'மீ' நின்ற சுருதியிலேயே ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். என் திக்கல் ஒவ்வொன்றும் வளவைச் சுற்றிப் பாட்டாகத் திரும்பி வந்தது. எனக்கே கேட்க நன்றாக இருந்தது. பயம் போய்விட்டது. "மீனாள்" என்று முழுசாக வந்தது.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்புட்டுக் கல்யாணம் பாத்திருக்கேன். எங்க மீனா பேரை இம்புட்டு ஆசையா யாரும் சொன்னதில்லை" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அண்ணே, நான் திக்குனதுக்காகத்தானே கட்டையப் பிடிச்சீக?"

"நீ எங்கப்பா திக்குன? நாந்தேன் கையை எடுக்காம இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் என் பெயரை ஆற அமரச் சொன்னேன். வேலை கிடைத்தது. திக்கல் இன்றைக்கும் உண்டு; வெட்கம்தான் இல்லை. மாஸ்டரை நினைக்காமல் நான் ஒருநாளும் வகுப்பில் வாய் திறந்ததில்லை.